உங்களுக்குத் தெரியுமா? பனிவண்டியின் உயிர் பெல்ட்டில்!

கியரே கிடையாது! ஆமாம், 1960-களில் வட அமெரிக்கப் பனியைக் கலக்கிய ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துப் பாருங்கள். கியர் பாக்ஸ் இல்லை, காலால் மிதிக்க லீவர் இல்லை. நின்ற இடத்திலிருந்து முழு வேகம் வரை வண்டியைக் கொண்டுபோவது ஒரே ஒரு ரப்பர் பெல்ட்!

அந்த பெல்ட் ஓடும் வேகம் என்ன தெரியுமா? இன்ஜின் நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுற்றுகிறது, பெல்ட் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் ஏறி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மணிக்கு 198 கிலோமீட்டர்! வண்டி அந்த வேகத்தில் போகாது. பெல்ட் போகும்!

பெல்ட்டின் நீளம் 110 சென்டிமீட்டர் என்றால், அதே வேகத்தில் அது நிமிஷத்துக்கு 3,000 முறை முழு வட்டம் அடிக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு முறை வளைந்து நிமிரும். அப்படியானால் நிமிஷத்துக்கு 6,000 வளைவு!

இரண்டு புல்லிகளுக்கு நடுவே அந்த பெல்ட். இந்தப் புல்லிகளைத்தான் கிளட்ச் என்பார்கள். முன் கிளட்ச் கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள் சின்னச் சின்ன எடைகள். இன்ஜின் வேகம் கூடக் கூட அவை மையவிலக்கு விசையில் விரியும், ஒரு கூம்புத் தட்டை இன்னொன்றை நோக்கித் தள்ளும். நடுவில் மாட்டிய பெல்ட் வேறு வழியில்லாமல் மேலே ஏறும்! பின் கிளட்ச்சில் இதற்கு நேர்மாறு. தட்டுகள் விலகும், பெல்ட் இறங்கும்! யாரும் கையால் எதையும் தொடவில்லை!

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரும் இதே ஜாதிதான்! ஆக்டிவாவோ ஜூபிடரோ, இடப்பக்கக் கவரைக் கழற்றினால் இதே இரண்டு புல்லி, இதே பெல்ட்!

நூலளவு தப்பினால்…

ஐம்பது வருஷத்துப் பழைய பனிவண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் எதற்கு அதிகம் பயப்படுவார்கள்? இன்ஜினுக்கு இல்லை. பெயின்ட்டுக்கு இல்லை. இந்த இரண்டு கிளட்ச்சும் லைனில் நிற்கிறதா என்பதற்கு! இன்ஜின் புத்தம்புதிதாக உறுமலாம். லைன் சில மில்லிமீட்டர் தப்பினால் போதும், புது பெல்ட் கருகிப்போகும்!

இதைக் கேளுங்கள். லைன் என்றால் இரண்டு கிளட்ச்சின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்பது இல்லை! ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும். பல வண்டிகளில் அந்தத் தள்ளல் அரை அங்குலத்துக்குப் பக்கத்தில்! சரியான அளவை அந்தந்த வண்டியின் புத்தகத்தில் அச்சிட்டுக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொரு அதிசயம்! முன் கிளட்ச்சில் எந்தப் பக்கத்துத் தட்டு நகருமோ, பின் கிளட்ச்சில் அதற்கு எதிர்ப்பக்கத் தட்டு நகரும். அதனால் பெல்ட் முன்னால் ஏறும்போதும் பின்னால் இறங்கும்போதும் இரண்டு முனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நடக்கும். ஓடிக்கொண்டே பக்கவாட்டிலும் நடக்கிற பெல்ட்! இந்த ஒரு யோசனைக்காகவே அந்தக் கால இன்ஜினியர்களுக்குச் சிலை வைக்கலாம்!

அளப்பதற்கு லேசர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நேரான இரும்புச் சட்டம் போதும்! பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சட்டத்தைப் பின் கிளட்ச்சின் தட்டுகளுக்கு நடுவே செருகி முன் கிளட்ச் வரை நீட்டுவார்கள். முன் கிளட்ச்சின் முன் விளிம்பில் ஒரு அளவு, பின் விளிம்பில் ஒரு அளவு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா? இன்ஜினே கோணலாக உட்கார்ந்திருக்கிறது!

மூன்று அளவு சேர்ந்தால்தான் லைன். பக்கவாட்டுத் தள்ளல் ஒன்று. இணையாக நிற்கிறதா என்பது இரண்டு. ஒரு கிளட்ச்சின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு உள்ள தூரம் மூன்று. இரண்டைச் சரிசெய்யப் போய் மூன்றாவதைக் கெடுப்பதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடப்பது. அதனால் ஒவ்வொரு முறை போல்ட்டை இறுக்கிய பிறகும் மூன்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்!

பின் கிளட்ச்சைத் தள்ளி வைக்க என்ன கருவி? வாஷர்! ஷாஃப்ட்டில் ஒரு மெல்லிய வாஷரைச் சேர்ப்பார்கள், அல்லது ஒன்றை எடுப்பார்கள். பல ஆயிரம் டாலர் கொட்டிச் செய்த வண்டியின் தலையெழுத்தை ஒரு வாஷர் எழுதுகிறது!

சில வண்டிகளில் பின் கிளட்ச்சை இறுக்கிக் கட்டவே கூடாது! ஷாஃப்ட்டின் மேல் அது கொஞ்சம் இங்குமங்கும் நகர வேண்டும். பெல்ட் எங்கே இழுக்கிறதோ அங்கே அது தானாகப் போய் நிற்கும். தெரியாதவர்கள் ஆடுகிறதே என்று வாஷர் போட்டு அடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான், வந்தது வினை!

நிற்கும்போது லைன் கச்சிதமாக இருக்கும். ஆக்சிலேட்டரை அமுக்கியதும் மாறிப்போகும்! பெல்ட் இழுக்கிற இழுப்பில், ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் பின்னோக்கித் திரும்பும். அந்த ரப்பர் பழையதாகி நைந்திருந்தால் இன்னும் அதிகம் திரும்பும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் மவுன்ட் ரப்பரை மாற்றுவார்கள். அதன் பிறகுதான் சட்டத்தையே கையில் எடுப்பார்கள்! சில வண்டிகளில் இன்ஜின் திரும்பாமல் தடுக்கத் தனியாக ஒரு தாங்குகட்டையே உண்டு!

பெல்ட் ஜாதகம் சொல்லும்! ஒரு ஓரம் மட்டும் நைந்திருக்கிறதா? லைன் தப்பு. ஓரங்கள் கண்ணாடியாகப் பளபளக்கிறதா? வழுக்கிச் சூடாகியிருக்கிறது. ஒரே இடத்தில் இடுப்பு ஒடுங்கிய மாதிரி குழி விழுந்திருக்கிறதா? வண்டி பனியில் ஒட்டி நின்றபோது யாரோ ஆக்சிலேட்டரை அமுக்கியிருக்கிறார்கள்! பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதன் பழைய பெல்ட்டைத்தான்.

பெல்ட்டின் அகலம் 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் தூக்கி எறியுங்கள் என்கின்றன பல கையேடுகள். வெறும் 3 மில்லிமீட்டர்!

பெல்ட்டுக்குத் திசை உண்டு! ஒரு பக்கமாக ஓடிப் பழகிய பெல்ட்டைத் திருப்பி மாட்டக் கூடாது. கழற்றும்போதே எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

முன் கிளட்ச்சைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு பிடித்து வைப்பது எது? பெரும்பாலான வண்டிகளில் பல் இல்லை, சாவிக்கட்டை இல்லை. சரிவாகக் கடைந்த ஷாஃப்ட், அதே சரிவில் கடைந்த துளை, ஒரு நீள போல்ட். உராய்வு மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது! அங்கே ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது!

அந்தப் பிடிப்பை விடுவிக்கத்தான் பாடு! கழற்றுவதற்கான புல்லர் போல்ட்டை முறுக்கியும் அசையாத கிளட்ச்சைத் தண்ணீரால் கழற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? துளைக்குள் தண்ணீரை நிரப்பி, போல்ட்டின் மரையில் பிளம்பர் டேப்பைச் சுற்றி உள்ளே இறுக்குவார்கள். தண்ணீர் அமுங்காது அல்லவா? போக வழியில்லாமல் கிளட்ச்சை வெளியே தள்ளும். 'டப்' என்று ஒரு சத்தம், கிளட்ச் கையில்!

பின் கிளட்ச்சிலிருந்து சக்தி போவது ஒரு செயினுக்கு. மூடிய பெட்டிக்குள், எண்ணெயில் நனைந்தபடி, மேலே ஒரு சின்ன ஸ்பிராக்கெட், கீழே ஒரு பெரிய ஸ்பிராக்கெட். இந்த இரண்டின் முகத்திலும் ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்ப்பார்கள். தள்ளி இருந்தால் இங்கேயும் வாஷர் வைத்தியம்தான்!

மயிர்க்கூச்செறியும் ஒரு விஷயம்! அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பிரேக் இருப்பது பனியில் உருண்டு வண்டியைத் தள்ளும் பட்டையான டிராக்கில் இல்லை, பின் கிளட்ச் பக்கத்தில். பெல்ட் அறுந்தால் பிரேக் பிடிக்கும். செயின் அறுந்தால்? பிரேக்கே கிடையாது! புதுப்பிக்கிறவர்கள் செயினைக் காசு பார்க்காமல் மாற்றுவது இதனால்தான்!

வண்டியின் முதுகெலும்பு டனல் என்கிற தகட்டுக் கூடு, பெரும்பாலும் அலுமினியம். முழுக்க ரிவெட் அடித்தது! எந்தக் காலத்திலோ ஒரு மரத்தில் மோதி அந்தத் தகடு லேசாக வளைந்திருந்தால், அதில் மாட்டிய ஷாஃப்ட்டுகள் இணையாக நிற்கவே நிற்காது. எத்தனை வாஷர் போட்டாலும் பயனில்லை. தகட்டை முதலில் நிமிர்த்த வேண்டும்!

கடைசி லைன் டிராக்குக்கு. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி டிராக்கை மெதுவாகச் சுற்ற விடுவார்கள். இடப்பக்கம் ஒதுங்கி ஓடுகிறதா? இடப்பக்க போல்ட்டையே இறுக்க வேண்டும்! டிராக் எப்போதும் தளர்ந்த பக்கத்துக்குத்தான் ஓடும். கால் திருகு, பார். கால் திருகு, பார். அவசரமே ஆகாது!

அப்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. டிராக் பெயர்த்தெறிகிற ஒரு சின்னக் கல் ஆளையே கொல்லும். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்!

ஒரு காலத்து வழக்கமான டிராக்கின் சுற்றளவு 121 அங்குலம். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது ஒரு நொடிக்கு 7 முறைக்கு மேல் முழுதாகச் சுற்றுகிறது!

பனி இல்லாத தரையில் ஓட்டினால் என்ன ஆகும்? உருகிப்போகும்! பல வண்டிகளில் டிராக்கின் உள்பக்கம் பிளாஸ்டிக் பட்டைகளின் மேல் வழுக்கி ஓடுகிறது. அந்தப் பட்டைகளுக்கு மசகு எண்ணெய் எது தெரியுமா? பனிதான்!

கார் சக்கரங்கள் நேராகவோ, முன்னால் துளி உள்நோக்கியோ பார்ப்பது வழக்கம். பனிவண்டியின் முன் சறுக்குக் கட்டைகளோ வெளிநோக்கிப் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர்தான். அது இல்லாவிட்டால் வண்டி பாதையில் பாம்பாக நெளியும்!

எலியும் இன்ஜினும்

பழைய பனிவண்டியை வாங்கியதும் முதலில் தேடுவது எதை? எலிக்கூட்டை! இன்ஜினைச் சுற்றியுள்ள காற்றுக் கவசத்துக்குள் எலி பஞ்சு சேர்த்து வைத்திருந்தால் காற்று போகாது, இன்ஜின் வெந்துவிடும். கவசத்தைக் கழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்கிறவன் காசைக் கொளுத்துகிறான்!

அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றுக்குத் தனியாக ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்! பின்னால் வருகிறவருக்குப் புகை மண்டலம்தான்!

பெட்ரோல் பம்ப்பை ஓட்டுவது எது? மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் காற்றழுத்தம் கூடிக் குறைகிறது அல்லவா? ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்தத் துடிப்பே வந்து பம்ப்பை அடிக்கிறது! இன்ஜின் தன் மூச்சாலேயே பெட்ரோல் குடிக்கிறது!

பழைய வண்டிகளில் பார்க்கும் டில்லட்சன் கம்பெனி கார்புரேட்டரைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் வேலை செய்யும்! உள்ளே மிதவை இல்லை, மெல்லிய சவ்வு மட்டும். மரம் அறுக்கும் செயின் ரம்பத்திலும் இதே வகைதான். பல வருஷம் கிடந்த வண்டியில் அந்தச் சவ்வு அப்பளமாக விறைத்திருக்கும். மாற்றினால் வண்டி உயிர்பெறும்!

கிராங்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் விறைத்திருந்தால் அதைவிட ஆபத்து. வெளிக்காற்று உள்ளே புகும், பெட்ரோல் கலவை மெலியும், பிஸ்டனில் ஓட்டையே விழும்! இதைக் கண்டுபிடிக்க, இன்ஜினின் எல்லா வாயையும் அடைத்துவிட்டு உள்ளே சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றிக் காத்திருப்பார்கள். முள் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்பு நுரை தடவித் தேட வேண்டியதுதான். நம்மூர் பஞ்சர் கடை வித்தை அங்கேயும்!

அந்தக் காலத்து வண்டிகளில் ரிவர்ஸ் கியர் பெரும்பாலும் கிடையாது. இறங்கி, பின் கம்பியைப் பிடித்துத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும்! பின்னாளில் வந்த தந்திரத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். பட்டனை அமுக்கினால் இன்ஜின் வேகம் குறைந்து நிற்கப் போகும். அந்தக் கணத்தில் தீப்பொறியை நேரம் மாற்றி அடிக்கும். இன்ஜினே தலைகீழாகச் சுற்றத் தொடங்கும், வண்டி பின்னால் போகும்! டூ ஸ்ட்ரோக் இன்ஜினால் மட்டுமே ஆகிற காரியம்!

பழைய உதிரி பாகம் கிடைக்கும் மகா சந்தை எங்கே? அமெரிக்காவின் மினசோட்டாவில், நார்த் பிராஞ்ச் என்ற ஊரில் நடக்கும் ஹே டேஸ். மாதம் செப்டம்பர்! அங்கே பனியே இருக்காது. அதனால் என்ன? புல்வெளியிலேயே பனிவண்டிப் பந்தயம் விடுகிறார்கள்!

விஸ்கான்சினில் கிராண்ட்ஸ்பர்க் என்று ஒரு ஊர். அங்கே ஜூலையில் ஏரித் தண்ணீர் மேலேயே ஓட்டுகிறார்கள்! வேகம் இருக்கும்வரை வண்டி மிதக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் முழுகும்!

கையால் தொடங்கிய கதை

முதல் பனிவண்டிகளில் ஒன்றைச் செய்தவருக்கு வயது 15! கனடாவின் கியூபெக்கில், வால்கோர்ட் கிராமத்து ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1922 டிசம்பர் 31 அன்று ஃபோர்டு மாடல் டி இன்ஜினை ஒரு சறுக்கு வண்டியில் ஏற்றி, பின்னால் விமான விசிறி மாட்டி ஊருக்குள் ஓட்டினார். அப்பா பதறிப்போனார். அன்றே பிரித்துப்போடச் சொன்னார்!

1934. பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அவருடைய 2 வயது மகன் இவோன் குடல்வால் அழற்சியில் இறந்துபோனான். மூன்றே வருஷத்தில், 1937-ல், பனியில் ஓடும் டிராக்குக்கான காப்புரிமை அவர் கையில்!

அந்த டிராக்கை இழுத்தது மரத்தில் செய்து ரப்பர் போர்த்திய பல்சக்கரம்! ஏன் ரப்பர்? பனி ஒட்டாது!

7 பேர் உட்காரும் பி7, 12 பேர் உட்காரும் பி12. பின்னதன் பக்கவாட்டில் கப்பலில் உள்ளது போன்ற வட்டச் சன்னல்கள்! பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகத் தனி வண்டியே இருந்தது. மானிட்டோபாவின் வின்னிபெக் ஏரியில் மீனவர்கள் இந்தப் பழைய பொம்பார்டியே வண்டிகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஓட்டினார்கள்!

1959-ல் வந்தது குட்டி வண்டி ஸ்கீ-டூ. மஞ்சள் நிறம். முதல் வருஷம் விற்றது 225! 1971-ல் எல்லாக் கம்பெனியும் சேர்ந்து விற்றது ஏறத்தாழ 5 லட்சம்!

அந்த உச்சத்தில் பனிவண்டி செய்த கம்பெனிகள் நூற்றுக்கும் மேல்! ஹார்லி டேவிட்சன் செய்தது. ஜான் டியர் 1972 முதல் 1984 வரை செய்தது. நம்மூர் வயலில் டாஃபே டிராக்டர் மேல் பார்க்கிறீர்களே, மாஸி பெர்குசன் என்ற பெயர்? அந்தப் பெயரிலும் பனிவண்டி ஓடியது!

இன்று மிஞ்சியிருக்கும் பெரிய பெயர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்! 1968-ல் நுழைந்த யமஹாவும் 2025 மாடல்களோடு பனிவண்டிக் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது.

சுபாரு கார் செய்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் இன்ஜின் போலாரிஸ் பனிவண்டிக்குள்! சுசூகி இன்ஜின் ஆர்க்டிக் கேட்டுக்குள்! ஜெர்மன் சாக்ஸ் கம்பெனியின் வாங்கெல் இன்ஜினும் ஆர்க்டிக் கேட்டில் இருந்தது. ஏறி இறங்கும் பிஸ்டனே இல்லாத இன்ஜின்! அப்படி ஒன்று கிடைத்தால் புதுப்பிக்கிறவர்கள் விடவே மாட்டார்கள்!

ஸ்கீ-டூவின் ரோட்டாக்ஸ் இன்ஜின் ஆஸ்திரியாவில் பிறந்தது. பனிவண்டிக்காகச் செய்த இன்ஜினிலிருந்து வந்த ரோட்டாக்ஸ் 503 எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? குட்டி விமானங்களில்! பனியில் ஓடியது வானத்தில் பறந்தது!

போலாரிஸின் முதல் வண்டிக்கு டிராக் எது? தானியம் ஏற்றும் கன்வேயர்! சறுக்குக் கட்டை? செவ்ரோலே காரின் பம்ப்பர்! 1956-ல் மினசோட்டாவின் ரோசோவில் செய்தார்கள். விற்ற விலை 465 டாலர்!

அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன், 1960-ல் அலாஸ்காவின் பெத்தெல் ஊரிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை பனிவண்டியிலேயே போனார். 1,000 மைலுக்கு மேல்! திரும்பி வந்து, வேலையை விட்டுவிட்டு, போட்டிக் கம்பெனி தொடங்கினார். அதுதான் ஆர்க்டிக் கேட்! எதிரெதிர் அணியாக மோதும் இரண்டு பெயருக்கும் பின்னால் ஒரே ஆள்!

விஸ்கான்சினின் சேனரில் கார்ல் எலியாசன் என்ற கடைக்காரர். கால் ஊனம். நண்பர்களோடு பனியில் வேட்டைக்கு நடக்க முடியவில்லை. 1924-ல் படகு மோட்டாரை வைத்தே ஒரு வண்டி செய்துவிட்டார். சக்தி இரண்டரைக் குதிரை! சறுக்குக் கட்டையைத் திருப்பக் கயிறு!

அதற்கும் முன்பே அண்டார்டிகாவுக்கு மோட்டார் சறுக்கு வண்டிகளைக் கொண்டுபோனார் கேப்டன் ஸ்காட். மொத்தம் மூன்று. 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒன்று பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போனது!

வடதுருவத்தைப் பனிவண்டி தொட்ட நாள் 1968 ஏப்ரல் 19! போனவர் விஞ்ஞானி இல்லை, ராணுவத் தளபதி இல்லை. மினசோட்டாவின் இன்ஷூரன்ஸ்காரர் ரால்ஃப் பிளெய்ஸ்டட்! துருவத்தில் நின்றவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் பொம்பார்டியேயின் உறவுக்காரர் ஜான் லூக் பொம்பார்டியே. வண்டியின் சக்தி? 16 குதிரை! அமெரிக்க விமானப்படை விமானம் மேலே பறந்து, நிற்கும் இடம் துருவம்தான் என்று உறுதிசெய்தது. அந்த 16 குதிரையையும் துருவம் வரை கடத்தியது ஒரு ரப்பர் பெல்ட் என்பதை மறக்காதீர்கள்! இத்தனை சங்கதியிலும் என் ஓட்டு இதற்குத்தான்!

ஃபின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களிடம் 1960-களின் தொடக்கத்தில் பனிவண்டி வந்தது. பல தலைமுறை கண்ட கலைமான் சறுக்கு வண்டி அங்கே ஒரு பத்தாண்டுக்குள் ஓய்ந்தே போனது!

1972-ல் கனடா வீரர் இவோன் டுஹாமெல் ஸ்கீ-டூவை விரட்டிய வேகம் மணிக்கு 127.3 மைல். 204 கிலோமீட்டருக்கு மேல்!

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் 6 முறை வென்ற ஜில் வில்நேவ் எங்கே பழகினார்? பனிவண்டியில்! 1974-ல் விஸ்கான்சினின் ஈகிள் ரிவர் உலகச் சாம்பியன் அவர்தான். முன்னால் போகும் வண்டி வாரியிறைக்கும் பனித்தூளில் கண்ணே தெரியாமல் ஓட்டிப் பழகியவருக்கு மழையில் கார் ஓட்டுவது எம்மாத்திரம்!

அதே ஈகிள் ரிவரில் பழைய வண்டிகளுக்கென்றே தனிப் பந்தயம் உண்டு! அறுபது வயது வண்டிகளைக் காட்சிக்கு வைத்துத் துடைத்துக்கொண்டிருக்காமல் முழு வேகத்தில் விரட்டுகிறார்கள்.

குழந்தைகளுக்கும் பனிவண்டி! 1972-ல் வந்த கிட்டி கேட். இன்ஜின் வெறும் 60 சி.சி.! இன்று தாத்தாக்கள் தாங்கள் ஓட்டிய கிட்டி கேட்டைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள்.

மாடல் என்றால் ஸ்கீ-டூ எலான்! 1971-ல் வந்தது. தோற்றத்தைப் பெரிதாக மாற்றாமலே 1996 வரை செய்தார்கள். 25 வருஷம்! புதுப்பிக்கத் தொடங்குகிறவர்கள் இதையே எடுக்கலாம். எளிய இன்ஜின், எளிய கிளட்ச், பாகத்துக்கும் பஞ்சமில்லை.

கியூபெக்கில் பனிவண்டிக்கென்றே அமைத்த பாதை எவ்வளவு? 30,000 கிலோமீட்டருக்கும் மேல்!

நம் டில்லி மெட்ரோ ரயில் பெட்டிகளில் நூற்றுக்கணக்கானவற்றைச் செய்தது யார் தெரியுமா? பொம்பார்டியே! அதே வால்கோர்ட் பனிவண்டிக் கம்பெனி வளர்ந்து குஜராத்தின் சாவ்லியில் தொழிற்சாலை போட்டுச் செய்தது. 2021-ல் ரயில் பிரிவு ஆல்ஸ்டம் கைக்குப் போனது.

காஷ்மீரில் குல்மார்க் போயிருக்கிறீர்களா? நம்மவர்கள் வரிசையில் நின்று ஏறும் ஸ்னோ ஸ்கூட்டரும் இந்தக் குடும்பம்தான். உயரம் சுமார் 2,650 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு அங்கே காணாமல் போகிறது! அதற்கேற்பக் கார்புரேட்டர் ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும், கிளட்ச்சின் எடைகளையும் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை போனால் சவாரி முடிந்ததும் உடனே இறங்கி ஓடிவிடாதீர்கள். இன்ஜினை நிறுத்திய பிறகு பானெட்டைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொல்லி ஓட்டுநரிடம் கேளுங்கள். பெல்ட்டின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அவருக்கு ஒரு சபாஷ் போடுங்கள். அவர் வண்டி லைனில் ஓடுகிறது!